மரத்தில் விளையும் கவைக்கோல்! தெரியுமா?

கவைக்கோலை மரத்திலிருந்து வெட்டிச் செதுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மரத்திலேயே வளர்த்து எடுப்பார்கள் என்பது தெரியுமா? தெற்கு பிரான்ஸின் சோவ் என்ற சிற்றூரில் இன்றும் அப்படித்தான்! அங்கே வளரும் மிக்கோகூலியே மரத்தில் ஒரே கணுவிலிருந்து மூன்று துளிர் கிளம்பும். மற்றதையெல்லாம் கழித்துவிட்டு, அந்த மூன்றையும் ஆறேழு வருடம் பிள்ளைபோல வளர்க்கிறார்கள். பிறகு வெட்டி, அடுப்பில் சூடேற்றி, பட்டை உரித்து, பதமான சூட்டிலேயே வளைத்துவிட்டால் மூன்று முனைக் கவைக்கோல் தயார். ஒட்டு இல்லை, ஆணி இல்லை!

புல்லைப் புரட்டிக் காயவைக்கும் ஒரு கோலுக்கு இத்தனை பாடா? ஆமாம்! அறுத்த பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவராமல் கட்டி அடுக்கினால், உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடு ஏறும். ஏறிக்கொண்டே போய், சில வாரம் கழித்துப் புல் போர் தானாகவே தீப்பிடிக்கவும் கூடும். யாரும் நெருப்பு வைக்க வேண்டாம்!

அதனால்தான் மழைக்கு முன் புல்லைக் காயவைக்க ஐரோப்பாவில் அப்படி ஒரு ஓட்டம். 19ஆம் நூற்றாண்டிலேயே குதிரை இழுக்கும் உதறு இயந்திரம் வந்துவிட்டது. இன்று டிராக்டருக்குப் பின்னால் கம்பி விரல்கள் கிறுகிறுவென்று சுழன்று புல்லைக் காற்றில் அள்ளி வீசுகின்றன. ஸ்லோவேனியாவிலோ ‘கொசொலெட்ஸ்’ என்னும் கூரை போட்ட மரச்சட்டங்களில் புல்லை அடுக்கடுக்காகத் தொங்கவிடுகிறார்கள். நனையாது, காற்று மட்டும் புகுந்து போகும்!

நம்மூர் மாட்டுக்காரர்களுக்குப் பழக்கமான குதிரைமசாலில் இன்னொரு நுட்பம். மொறமொறவென்று காய்ந்த பிறகு புரட்டினால் இலை பொடிந்து மண்ணோடு போய்விடும். புரதத்தில் பெரும்பங்கு அந்த இலையில்தான்! பனி ஈரம் லேசாக இருக்கும்போதே கைவைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விஞ்சும் அதிசயம் இது. 1920களில் வட அமெரிக்காவில் மாடுகள் சின்னக் காயத்துக்கே ரத்தம் நிற்காமல் செத்து விழுந்தன. காரணம், சரியாகக் காயாமல் பூசணம் பிடித்த ஸ்வீட் க்ளோவர் தீவனம்! அமெரிக்காவின் விஸ்கான்சினில் வேதியியலாளர் கார்ல் பால் லிங்க்கின் குழு அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்ததுதான் வார்ஃபரின். 1948இல் எலிமருந்து, 1954இல் மனிதருக்கு ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து! மறு வருடமே மாரடைப்பில் விழுந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்குக் கொடுத்த மருந்துகளில் அதுவும் ஒன்று!