சிலவற்றுக்குப் பயணம், சிலவற்றுக்குக் கூடு

சிங்கப்பூரில் ஏது வசந்த காலம் என்று கேட்பவர்கள், மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள் காலையில் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குப் போய்வர வேண்டும்.

வானொலியில் பேசுவது என் தொழில். அதனாலோ என்னவோ, எங்கே போனாலும் கண்ணுக்கு முன்னால் காது விழித்துக்கொள்ளும். பறவை பார்க்கும் மரக்குடிலில் உட்கார்ந்ததும் பவளக்கால் உள்ளானின் சீழ்க்கைதான் முதலில் கேட்டது. ஆபத்து என்றால் முந்திக்கொண்டு கத்தி, மற்றப் பறவைகளை எழுப்பிவிடும் காவல்காரன் அது.

தொலைநோக்கியில் தெரிந்தவை பொன்னிற உப்புக்கொத்திகள். செப்டம்பரில் மங்கிய பழுப்பு நிறத்தில் வந்தவை, இப்போது முகம் முதல் வயிறுவரை கறுப்பு, முதுகில் பொன் புள்ளிகள், நடுவே வெள்ளைக் கரை என்று கல்யாணக் களையோடு நிற்கின்றன. முட்டையிடச் சைபீரியாவின் வடகோடிக்குப் போக வேண்டும். அவ்வளவு தூரத்துக்கும் தேவையான கொழுப்பை, சேற்றுப் புழுக்களையும் நண்டுகளையும் தின்று சேர்க்கின்றன.

நிமிர்ந்தால் வேறு காட்சி. சாம்பல் நாரை ஒன்று அலகில் குச்சியோடு உயரமான மரத்துக்குப் பறக்கிறது. அதற்குப் பயணம் இல்லை; கூடும் குஞ்சும் இங்கேதான். நடைபாதை ஓரத்தில் தேன்சிட்டின் கூடு சுருக்குப்பை போலத் தொங்குகிறது. புறப்படும் உப்புக்கொத்திக்கும் கூடு கட்டும் நாரைக்கும் சோறு போடுவது இந்தச் சதுப்புநிலம்தான்.

இது தானாகத் தப்பிய இடம் அல்ல. முன்பு இங்கே இருந்தவை இறால் குளங்கள். 1986ல் பறவை ஆர்வலர்கள் சிலர் இங்கு பறவைகள் திரள்வதைக் கண்டு, இடத்தைக் காக்கும்படி அரசாங்கத்திடம் கேட்டார்கள். 1989ல் 87 ஹெக்டர் இயற்கைப் பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டது. 2002ல் அது 130 ஹெக்டராகி, சட்டப் பாதுகாப்பும் பெற்றது. குளங்களின் மதகுகளைத் திறந்து மூடி நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். கடல் ஏறி வெளிச்சேற்றை மூடும்போது பறவைகள் கால் ஊன்ற உள்ளே இடம் வேண்டுமே!

நெடும்பயணத்தில் ஒரு நிறுத்தம் காணாமல் போனால், பசித்த பறவைக்கு அடுத்த நிறுத்தம்வரை இறக்கை தாங்காது. நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது அப்படி ஒரு நிறுத்தம்.

பிள்ளைகளோடு போங்கள், அனுமதி இலவசம். கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்துக் கிளம்பினால், பறவைகள் குடிலுக்கு அருகிலேயே கூடியிருக்கும். பளிச்சென்ற சட்டையும் உரத்த பேச்சும் வேண்டாம். ஏப்ரலைத் தாண்டினால் உப்புக்கொத்திகளுக்குச் செப்டம்பர்வரை காத்திருக்க வேண்டியதுதான். நாரைகள் எப்போதும் இருக்கும்.