மலைக்குளிரும் வான்படமும்

ஓசை எழுப்பாத இரைச்சல் ஒன்று உண்டு என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் இரவு வானைப் படம்பிடிப்போர் யாவரும் அதனை நன்கறிவர். விண்மீன்களுக்கிடையே கருமையாக இருக்கவேண்டிய வெளியில், சிவப்பும் நீலமுமாக மணல் தூவினாற்போலப் பொய்ப்புள்ளிகள் பரவிக் கிடக்கும். அதனையே இரைச்சல் என்பர்.

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஏறும் வீதியில் றிவஸ்டன் என்னும் இடம் உளது. சில ஆண்டுகளுக்கு முன், மார்ச் மாதத்து அமாவாசை இரவொன்றில், மாணவர் மூவருடன் அங்கு சென்றிருந்தோம். நள்ளிரவுக்குப் பின் தென்சிலுவை தெற்கே நிமிர்ந்து நின்றது. விடியலுக்கு முன் விருச்சிகம் மேலெழ, கேட்டையும் மூலமும் பால்வீதியை அடுத்துச் சுடர்ந்தன. குளிரால் பற்கள் கிட்டின. அக்குளிரை நொந்துகொண்ட நாம், அதுவே எமக்குத் துணை என்பதை அப்போது எண்ணிப் பார்த்தோமில்லை.

டிஜிட்டல் கமராவினுள் ஒளியை ஏற்பது ஒரு சிறு சிலிக்கன் தகடு. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் என்னும் இருவர் இத்தகைய உணரியொன்றை வகுத்து, அதற்காக 2009இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இன்றைய கமராக்களில் பெரும்பாலும் வேறு வகை உணரியே உளதெனினும் தத்துவம் ஒன்றே: ஒளி பட்டால் சிலிக்கனில் இலத்திரன்கள் விடுபடும். வெப்பமும் அவ்வாறே இலத்திரன்களை விடுவிக்கும். எது விண்மீன் தந்தது, எது வெப்பம் தந்தது என்று கமரா அறியாது. பகலில் நொடியின் நூற்றிலொரு பங்கு நேரமே கமரா திறந்திருப்பதால் வெப்பத்தின் குறும்பு தெரிவதில்லை. முப்பது நொடி, ஐந்து நிமிடம் எனத் திறந்து வைத்தாலோ அது குவிந்துவிடும்.

உணரியின் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் ஏறுந்தோறும் இவ்வெப்ப இலத்திரன்கள் இருமடங்காகும். ஆயிரம் மீற்றர் உயரம் ஏறினால் காற்று ஏறத்தாழ அவ்வளவே குளிரும். மாத்தளை நகரிலிருந்து றிவஸ்டனுக்கு ஏறுவதும் சுமார் ஆயிரம் மீற்றரே. ஆகவே வீட்டு மொட்டைமாடியில் எழும் வெப்ப இலத்திரன்களில் பாதியளவே அம்மலையில் எழும். தம்புள்ளை, சீகிரியாச் சமவெளியின் புழுக்கமான இரவுகளில் இத்தொல்லை இன்னும் மிகுதி. பெரிய வானாய்வு நிலையங்களில் உணரியைப் பூச்சியத்துக்குக் கீழ் நூறு பாகையளவுக்குக் குளிர்விப்பதும் இதன் பொருட்டே.

மலையேறியும் எஞ்சும் புள்ளிகளை நீக்க ஒரு வழி உண்டு. வில்லையை மூடியால் மறைத்து, அதே நேர அளவில், அதே ஐ.எஸ்.ஓ. எண்ணில், அதே வெப்பநிலையில் வெறும் இருளைப் படம்பிடித்தல் வேண்டும். அவ்விருட்படத்தில் விழுவது வெப்பத்தின் கைவரிசை மட்டுமே. அதனை வான்படத்திலிருந்து கணினி கழித்துவிடும்.

நாம் சறுக்கியது இங்கேதான். மூடுபனி இறங்கவே அவசரமாக மூட்டை கட்டிய நாம், மறுநாள் நண்பகலில், மாத்தளை வெயிலில், வீட்டு விறாந்தையில் இருட்படங்களை எடுத்தோம். கணினி இருந்ததற்கும் மேலாகக் கழித்துவிட்டது. பால்வீதியெங்கும் அம்மைத் தழும்புபோலக் கரும்பள்ளங்கள்! பாடசாலைக் கண்காட்சிக்கோ நான்கே நாட்கள். மாணவரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எமக்கு மனம் வரவில்லை.

மூவருள் இளையவனே வழி கண்டான். ஒவ்வொரு வான்படத்துடனும் கமராவின் அப்போதைய வெப்பநிலையும் பதிவாகியிருப்பதைக் கவனித்த அவன், கமராவைக் காற்றுப்புகாப் பையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தான்.

“கமராவுக்குமா தம்பி காய்ச்சல்?” என்றார் எம் இல்லத்தரசியார்.

பின்னர் பையோடு வெளியே எடுத்து, அது மெல்லச் சூடேறுகையில் இருட்படங்களை எடுத்துக்கொண்டே இருந்து, மலையில் பதிவான வெப்பநிலையோடு ஒத்தவற்றை மட்டும் பொறுக்கியெடுத்தான். கரும்பள்ளங்கள் மறைந்தன.

ஆயினும் தாறுமாறாக விழும் இரைச்சலைக் கழித்தலால் போக்க இயலாது. அதற்குப் பல படங்களைச் சராசரியாக்க வேண்டும்; பதினாறு படங்களைச் சேர்த்தால் அவ்விரைச்சல் நாலிலொன்றாகும். நம் நாட்டில் துருவ நட்சத்திரம் அடிவானுக்கு மேல் ஏழெட்டுப் பாகையில், பெரும்பாலும் குன்றுக்குப் பின்னே மறைந்திருப்பதால், விண்மீனைப் பின்தொடரும் பொறியை நேராக்குவது கடினம். குறுநேரப் படங்கள் பலவற்றை எடுத்து அடுக்குவதே நமக்கு எளிது. அன்று நாற்பது எடுத்திருந்தோம். பனி பட்டு மங்கியவை போக முப்பத்தாறு தேறின.

கண்காட்சி நாளன்று காலையில்தான் படத்துக்குச் சட்டமிட்டு முடித்தோம்.