உங்களுக்குத் தெரியுமா? செர்மாட் ஊருக்குள் கார் நுழையாது!

சுவிட்சர்லாந்தின் செர்மாட், பெரும் செல்வந்தர்கள் பனிச்சறுக்க வரும் மலை ஊர். ஆனாலும் எத்தனை கோடி ரூபாய் காராக இருந்தாலும் சுமார் 5 கிலோமீட்டருக்கு முன்பே, டேஷ் கிராமத்தில் நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து ரயிலில் பன்னிரண்டு நிமிடப் பயணம்தான். ஸ்டேஷன் வாசலில் சின்னச் சின்ன மின்சார வண்டிகள் காத்திருக்கும். ஓரிரு பழைய சொகுசு ஹோட்டல்கள் குதிரை வண்டியே அனுப்புகின்றன. அறை பதிவு செய்யும்போதே ரயில் வந்துசேரும் நேரத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

கோர்னர்கிராட் மலைரயிலைத் தவறவிடாதீர்கள். 1898 முதல் மின்சாரத்தில் ஓடும் இந்தப் பல்சக்கர ரயில் 3,089 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. ஏறும்போது வலப்பக்க ஜன்னலோரம் இடம்பிடியுங்கள். 4,478 மீட்டர் உயர மேட்டர்ஹார்ன் சிகரம் அந்தப் பக்கம்தான் தெரியும். அந்தக் காட்சிக்காகவே அங்கே போகலாம்!