பென்குயின் பறவையும் தொண்டர் கைகளும்

ஆபிரிக்கக் கண்டத்து வனவிலங்குகளைப் பற்றிப் பேச்செடுத்தால், கேட்போரின் மனக்கண்முன் முதலில் தோன்றுவன சிங்கமும் யானையும் காண்டாமிருகமுமே. அக்கண்டத்தின் தென்கோடியிலே, குளிர்ந்த கடலின் ஓரத்திலே, பறக்கவியலாத சிறு பறவையொன்று அழிவின் விளிம்பில் நிற்பதைப் பலர் அறியார். அதுவே ஆபிரிக்கப் பென்குயின். அதனைக் காக்க முன்வந்த தொண்டர்களின் பணி எத்தகையது, அப்பணியால் ஆவது எவ்வளவு என்பதை இன்று நேயர்களுக்கு எடுத்துக் கூற விரும்புகிறேன்.

பென்குயின் என்றதும் பனிப்பாறைகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் இந்த இனம் பனியை அறியாதது. நமீபியாவின் கரையிலிருந்து தென்னாபிரிக்காவின் தென்கிழக்குக் கரை வரையுள்ள தீவுகளிலும் சில கடற்கரைகளிலும் இது கூடு கட்டி வாழ்கிறது. ஆபிரிக்காவிலே குஞ்சு பொரிக்கும் பென்குயின் இனம் இது ஒன்றுதான். உயரம் ஏறத்தாழ இரண்டடி. எடை மூன்று கிலோ அளவு. குரலோ கழுதை கத்துவது போன்றது. சாளையும் நெத்தலியுமே இதன் முக்கிய உணவு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வினப் பறவைகள் பத்து இலட்சத்துக்கு மேல் இருந்தன. இன்று குஞ்சு பொரிக்கும் இணைகள் 10,000க்கும் குறைவு. 2024 ஆம் ஆண்டில் இவ்வினம் மிக அருகிய இனங்களின் வரிசையிலே சேர்க்கப்பட்டது. இவ்வீழ்ச்சிக்குக் காரணம் யாது? முதலில் மனிதன் முட்டைகளை உணவுக்காக அள்ளிச் சென்றான். அடுத்து, தீவுகளிலே காலங்காலமாகப் படிந்து கிடந்த பறவை எச்சத்தை வயல்களுக்கு உரமாகச் சுரண்டி எடுத்தான். அவ்வெச்சப் படிவிலே வளை தோண்டித்தான் பென்குயின்கள் முட்டையிட்டன. அது போனபின் முட்டைகளும் குஞ்சுகளும் வெயிலுக்கும் பகைப் பறவைகளுக்கும் இரையாயின. மூன்றாவதாக வந்தது எண்ணெய்.

பென்குயினின் இறகுகள் ஓட்டு வீடொன்றின் கூரை போல ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி அமைந்தவை. அவற்றினிடையே தங்கும் காற்று, குளிர்ந்த கடல்நீர் தோலைத் தொடாமல் காக்கிறது. எண்ணெய் பட்டால் இறகுகள் ஒட்டிக்கொள்கின்றன. நீர் உள்ளே புகுகிறது. பறவை குளிரால் நடுங்கிக் கரையேறுகிறது. கரையிலோ உணவில்லை. எண்ணெயை அலகால் கோதிக் கோதி விழுங்கி, உள்ளுறுப்புகளும் கெட்டு இறக்கிறது.

1967 இல் சுயஸ் கால்வாய் மூடப்பட்டபின் எண்ணெய்க் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லலாயின. கடலில் எண்ணெய் சிந்துவதும் பெருகிற்று. அதற்கு அடுத்த ஆண்டில், ஆல்தியா வெஸ்ற்பால் என்னும் பெண்மணி எண்ணெய் பட்ட பென்குயின்களைத் தம் இல்லத்திலேயே பராமரிக்கத் தொடங்கினார். அம்முயற்சியிலிருந்து பிறந்ததே கேப் டவுன் நகரில் இயங்கும் ‘சான்கொப்’ எனும் கடலோரப் பறவைகள் பாதுகாப்பு நிறுவனம்.

1994 இல் கப்பலொன்று மூழ்கியபோது ஏறத்தாழ 10,000 பறவைகள் எண்ணெயில் அகப்பட்டன. அவற்றுட் பாதியளவே பிழைத்தன. அன்று கற்ற பாடங்கள் வீண்போகவில்லை. 2000 ஆம் ஆண்டு யூன் 23 ஆம் திகதி, ‘ட்றெஷர்’ என்ற கப்பல் டாசன் தீவுக்கும் றொபன் தீவுக்கும் இடைப்பட்ட கடலிலே மூழ்கிற்று. நெல்சன் மண்டேலா சிறையிருந்த தீவே இந்த றொபன் தீவு. இவ்விரு தீவுகளும் அன்று பென்குயின்களின் பெருங்குடியிருப்புகளாக விளங்கின. எண்ணெயில் தோய்ந்த ஏறத்தாழ 19,000 பறவைகள் பிடித்துக் கொண்டுவரப்பட்டன. நிறுவனத்தில் இடம் போதாமையால், புகையிரத வண்டிகளைப் பழுதுபார்க்கும் பெருங்கூடமொன்று பறவை மருத்துவமனையாயிற்று.

அழைப்பு விடுக்கப்பட்டதும் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்தனர். மாணவர், இல்லத்தரசியர், முதியோர் எனப் பலரும், பிற நாடுகளிலிருந்து வந்த வல்லுநரும் அங்கே ஒன்றாக உழைத்தனர். அவர்கள் செய்த வேலை என்ன? பறவையைப் பிடித்தவுடன் கழுவிவிட முடியாது. முதலில் குழாய் வழியே நீராகாரம் செலுத்தி வலுவூட்டவேண்டும். கடலுக்கடியில் ஓடும் மீனைத் துரத்திப் பிடித்துப் பழகிய பறவை, கையில் நீட்டும் செத்த மீனை ஏற்காது. ஆகவே அலகைத் திறந்து ஊட்டவேண்டும். அலகோ கத்தி போன்றது. கையுறையையும் மீறிக் காயம் உண்டாக்கும். பின்பு சவர்க்கார நீரில் ஒருவர் பறவையைப் பிடித்திருக்க மற்றொருவர் கழுவுவார். கண்ணைச் சுற்றியுள்ள எண்ணெயைப் பல்துலக்கும் தூரிகையால் மெல்லத் தேய்த்து எடுப்பர். இறுதியாகச் சவர்க்காரம் சிறிதும் எஞ்சாமல் நீரைப் பாய்ச்சி அலசுவர். அதன்பின்னும் பறவை நாள்தோறும் குளத்தில் நீந்தி, தன் இறகைத் தானே கோதிச் சீராக்கினாலன்றிக் கடலுக்குத் திரும்ப இயலாது.

இதனிடையே எண்ணெய் படாத 19,500 பறவைகளையும் காக்கவேண்டியிருந்தது. அவற்றைப் பிடித்து, 800 கிலோமீற்றருக்கு அப்பால், அப்பொழுது போர்ட் எலிசபெத் எனப் பெயர்பெற்றிருந்த நகரின் கரையிலே விட்டனர். வீடு நோக்கி அவை நீந்தி வந்து சேர்வதற்குள் கடல் துப்புரவாகிவிடும் என்பது அவர்களின் கணிப்பு. அக்கணிப்பு பிழைக்கவில்லை. பீற்றர், பேர்சி, பமேலா எனப் பெயரிட்டு, செய்மதிக் கருவி பொருத்தி விடப்பட்ட மூன்று பறவைகளின் பயணத்தை நாடே ஆவலுடன் பின்தொடர்ந்தது. எண்ணெய் பட்ட பறவைகளிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை பிழைத்தன.

இன்றும் உலகின் பல பாகங்களிலிருந்து தொண்டர்கள் அங்கு செல்கின்றனர். பறவையைத் தடவிக் கொஞ்சுவதற்காகச் செல்பவர் ஏமாற்றமடைவர். மனிதனிடம் பழகிவிட்ட காட்டுயிர் மீண்டும் காட்டில் வாழ்வது அரிதாகையால், தேவையின்றித் தொடுவதும் பேசுவதும் அங்கே விலக்கப்பட்டவை. மீனை எடைபோடுதல், எச்சம் படிந்த விரிப்புகளைத் தேய்த்துக் கழுவுதல், துவாய்களைத் துவைத்தல் என்பனவே அன்றாடப் பணிகள். ஆண்டின் இறுதியில் தாய்தந்தைப் பறவைகள் இறகுதிர்க்கும் காலம் வரும். அக்காலத்தில் ஏறத்தாழ மூன்று வாரம் அவை கடலுக்குச் செல்ல இயலாது. அப்போது பட்டினியில் விடப்படும் குஞ்சுகளை எடுத்து வளர்ப்பதும் தொண்டர் பணியே. அவ்வாறு வளர்ந்த குஞ்சுகள் கடலுக்குச் சென்று, பின்னர் தாமும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துள்ளன.

எனினும் உண்மையொன்றை மறைத்தல் தகாது. அத்தனை பாடுபட்டு மீட்ட பறவைகள் திரும்பிச் சென்ற அதே டாசன் தீவிலும் றொபன் தீவிலும், 2004 ஆம் ஆண்டுக்குப்பின் பென்குயின்களின் தொகை மளமளவெனச் சரிந்தது. இம்முறை எண்ணெயன்று, பசியே கொன்றது. கடல்நீரின் தன்மை மாறிச் சாளை மீன் வேறிடம் பெயர்ந்தது. எஞ்சிய மீனைப் பெருவலைகள் அள்ளின. எண்ணெயைத் தூரிகையால் தேய்த்து அகற்றலாம். வெறுங்கடலை மீனால் நிரப்பத் தொண்டரின் கை போதாது.

ஆகவே வழக்கு மன்றத்துக்குச் சென்றது. சான்கொப் நிறுவனமும் பறவைப் பாதுகாப்புச் சங்கமொன்றும் தொடுத்த வழக்கு, மீன்பிடித் தொழிலினருடன் ஏற்பட்ட இணக்கத்தால் 2025 மார்ச்சில் முடிவுற்றது. ஆறு முக்கிய குடியிருப்புகளைச் சுற்றியுள்ள கடலிலே சாளையும் நெத்தலியும் பிடிப்பதற்குப் பத்தாண்டுக் காலத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. தொழிலாளரின் பிழைப்பும் பறவையின் உயிரும் ஒரே மீனை நம்பியிருக்கும்போது, இவ்விணக்கம் எளிதில் வந்ததொன்றன்று.

அப்படியாயின் விரிப்புக் கழுவிய தொண்டரின் உழைப்பு வீணா? வீணன்று. சட்டம் வருவதற்குக் காலம் எடுக்கும். அது வரும்வரை இனம் உயிரோடிருக்கவேண்டும். அந்த இடைக்காலத்தைப் பறவைக்கு ஈட்டிக் கொடுத்தவை தொண்டரின் கைகளே. ஒரு பறவையைக் கையிலேந்திக் கழுவியவர், அதன் கடலைப் பற்றிக் கேளாதவராய் இருத்தல் அரிது. வழக்கு மன்றம் வரை சென்ற குரலும் ஒரு பெண்மணி தம் இல்லத்திலே தொடங்கிய பணியிலிருந்து பிறந்ததே அன்றோ?