தண்ணீருக்கு வயசு என்ன?

பிரெஞ்சுக்காரர் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குக் குடிநீர் வந்ததன் ஞாபகச் சின்னம்தான் பாரதி பூங்காவின் ஆயி மண்டபம். நிலத்தடி நீருக்கு வயசு உண்டா என்று யாராவது யோசித்ததுண்டா? போன வருஷ மழை என்றால் அடுத்த மழையில் மறுபடி ஊறிவிடும். லட்சம் வருஷத்துத் தண்ணீர் என்றால், போர் போட்டு இறைப்பதும் நெய்வேலியில் நிலக்கரி வெட்டுவதும் ஒன்றுதான். எடுத்தது எடுத்ததுதான்!

வயசு பார்க்க கார்பன்-14 இருக்கிறதே என்பீர்கள். அதன் அரை ஆயுள் 5,730 வருஷம். சுமார் 40,000 வருஷம் தாண்டினால் எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அங்கே கைகொடுப்பது கிரிப்டான்-81. அரை ஆயுள் 2,29,000 வருஷம். காஸ்மிக் கதிர்களால் காற்றில் உண்டாகி, மழைநீரில் கரைந்து மண்ணுக்குள் போகிறது. எதனோடும் சேராத வாயு. பாதியாகக் குறைந்திருந்தால் ஒரு அரை ஆயுள் கழிந்தது என்று அர்த்தம்.

சிக்கல் எண்ணிக்கையில்தான். புதுத் தண்ணீர் ஒரு லிட்டரில் இருப்பதே ஏறக்குறைய 1,000 அணுக்கள். 15 லிட்டர் குடத்துக்கு 15,000. கதிரியக்கக் கவுண்டரை வைத்தால் ஒரே ஒரு அணு சிதைய சராசரி 22 வருஷம் காத்திருக்கணும். அரியர் வைத்தவன்கூட அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டான்!

சிதைவதற்கு ஏன் காத்திருக்கணும், இருக்கிற அணுவையே எண்ணலாமே? 1999-இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் செங்-தியன் லு குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள்.

தண்ணீரிலிருந்து கிரிப்டானைப் பிரித்து வெற்றிடக் குழாயில் விடுகிறார்கள். அணு வினாடிக்குச் சுமார் 300 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. எதிரே 811 நானோமீட்டர் லேசர். ஒரு போட்டான் மோதினால் குறையும் வேகம் வினாடிக்கு 6 மில்லிமீட்டர்தான். ஆகவே 50,000 மோதல்கள் வேண்டும். பீச் ரோட்டில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்குப் புரியும். வேகம் தணிந்த அணுவை ஆறு திசை லேசரும் காந்தப்புலமும் சேர்ந்து பிடித்து வைக்கும். ஒற்றை அணு மினுக்கும், கேமரா எண்ணிக்கொள்ளும். (லேசரால் அணுவைக் குளிர்வித்ததற்கு 1997-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் பிரெஞ்சுக்காரர், குளோத் கோஹன்-தனுஜி. நம்ம ஊருக்கு ஒரு சொந்தம்!)

லட்சம் கோடி கிரிப்டான் அணுக்களில் ஒன்றுகூட 81 ஆகத் தேறாது. மற்றவை குறுக்கே வராதா? ஒவ்வொரு ஐசோடோப்புக்கும் அதிர்வெண் துளி மாறும். ரேடியோ முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினால் ஸ்டேஷன் போய்விடுகிறதல்லவா, அப்படித்தான். பொறியில் சிக்குவது சில அணுக்களே என்பதால், இன்றைய காற்றின் கிரிப்டானையும் அதே கருவியில் ஓட்டி, இரண்டையும் ஒப்பிட்டு வயசு போடுகிறார்கள்.

எகிப்தின் மேற்குப் பாலைவனக் கிணறுகளை இப்படிச் சோதித்த முடிவு 2004-இல் வந்தது. 2 லட்சத்திலிருந்து 10 லட்சம் வருஷம்! அந்தத் தண்ணீரை இறைத்துத்தான் அங்கே பாலைவனச் சோலைகளில் பயிர் செய்கிறார்கள்.