தராசு சொல்லும் சேதி

உங்கள் வகுப்பில் பிற்பகலில் தூங்கி வழியும் மாணவர் ஒருவராவது இருப்பார். ‘சோம்பேறி’ என்று அவருக்குப் பட்டமும் சூட்டியிருப்பீர்கள். அவர் உண்மையில் சோம்பேறிதானா? ஒரு தராசும் ஒரு நோட்டுப் புத்தகமும் இதற்கு விடை தேட உதவும்.

விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. ஆனால் உண்ட உணவு உடலில் ஒட்டுகிறதா? இதைக் கண்டறிவதுதான் உடல்நலக் கண்காணிப்பு.

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதம் அவள் எடை 22 கிலோ. டிசம்பரிலும் 22 கிலோதான். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால், இவ்வயதில் ஆண்டுக்கு இரண்டு, மூன்று கிலோவாவது எடை ஏற வேண்டும். ஒருமுறை நிறுத்தால் வெறும் எண் கிடைக்கும். தொடர்ந்து நிறுத்தால்தான் வளர்ச்சியின் போக்கு தெரியும்.

எடை ஏறாததற்குப் பசி மட்டும் காரணமன்று. கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது. குடலில் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. உருண்டைப்புழுவின் முட்டையோ நக அழுக்கின் வழியே வாய்க்குப் போகிறது. 5 முதல் 11 வயது வரை, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. அப்போது மூளைக்கும் தசைக்கும் பிராணவாயு போதாது. நாம் சோம்பல் என்று நினைத்தது இதுவாக இருக்கலாம்!

சிவகாசி வட்டாரத்தில் இந்தக் கவனம் மேலும் தேவை. பெற்றோர் பலர் காலையிலேயே பட்டாசு ஆலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளை வாடுவதை முதலில் காண்பவர் ஆசிரியரே. முன்பு படிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் பலர் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போனார்கள். ஆலைகளில் 14 வயதுக்கு உட்பட்டோரை அமர்த்துவதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. மீறும் முதலாளி குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் செலுத்த வேண்டும் என 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், பிள்ளையை வகுப்பில் ஊன்றி உட்கார வைப்பது உடல் நலமே.

நீங்கள் செய்யக்கூடியவை எளியவை. மாதம் ஒருமுறை, ஒரே தராசில், செருப்பின்றி நிறுத்து எழுதுங்கள். வாரந்தோறும் நகத்தைப் பாருங்கள். கீழிமையின் உட்புறம் வெளுத்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் தவறவிடாதீர்கள். முருங்கைக்கீரையோடு நெல்லிக்காய் சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். சாப்பாட்டுடன் தேநீர் குடித்தால் அது தடைபடும். ஆலையிலிருந்து திரும்பும் பெற்றோர், கந்தகமும் அலுமினியத் தூளும் படிந்த கையைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே பிள்ளையைத் தொட வேண்டும்.

தூங்கி வழியும் அந்த மாணவரை அடுத்த முறை திட்டுமுன், அவரைத் தராசில் ஏற்றிப் பாருங்கள்.