இணையத் தொழில் – 11: விலை எழுதாத மாற்றங்கள்

வலைத்தளத்துக்குக் கொட்டேஷன் போடுவது எப்படி என்று சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு ஒப்புதல் கிடைத்து, அட்வான்ஸும் வந்து, வேலை தொடங்கிய பிறகு நடப்பதை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம். ஹோம் பேஜ் டிசைனை அனுப்பியதும் நன்றாக இருக்கிறது என்று கிளையன்ட் சொல்லிவிடுவார். கோடிங் பாதி முடிந்த நிலையில் பேனரை மாற்றச் சொல்வார். பங்குதாரருக்கு அந்தப் பச்சை பிடிக்கவில்லை என்பார். போட்டிக் கடையின் தளத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, இதுபோல் வேண்டும் என்பார். எல்லாமே 'சின்ன சேஞ்ச்தான்' என்ற பெயரில்தான் வந்துசேரும். இப்படிப்பட்டவர்களை முடிவெடுக்கத் தெரியாதவர்கள் என்று தொழிலில் உள்ளவர்கள் குறை சொல்வது வழக்கம். அந்தக் குறை நியாயமற்றது என்று நினைக்கிறேன். கிளையன்ட் மாற்றம் கேட்பதில் தவறில்லை. அதற்கு என்ன செலவாகும், எத்தனை நாள் பிடிக்கும், வேறு எதையெல்லாம் அது தொடும் என்று சொல்லாமல் தலையாட்டி வாங்கிக்கொள்கிறோமே, அங்கேதான் வேலை கெடுகிறது.

மாற்றம் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு மென்பொருள் துறையில் பழைய பதில் உண்டு. மென்பொருள் கட்டுவதிலேயே மிகக் கடினமான பகுதி, எதைக் கட்டுவது என்று துல்லியமாக முடிவு செய்வதுதான் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1986-ல் எழுதினார். தனக்கு என்ன வேண்டும் என்பது வாங்குபவருக்கே முழுதாகத் தெரியாது, மாதிரி ஒன்றைக் கட்டிக் காட்டித்தான் அதை அறிய முடியும் என்பது அவருடைய வாதம். அதற்கும் முன்பே, 1970-ல், விண்கலத் திட்டங்களின் மென்பொருளில் பழகிய வின்ஸ்டன் ராய்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். தேவை, வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை என்று படிப்படியாக இறங்கும் படம் அதில்தான் இருக்கிறது. பிற்காலத்தில் வாட்டர்ஃபால் என்று பெயர்பெற்ற முறைக்கு அவரையே தந்தையாகச் சொல்வார்கள். அதே கட்டுரையில், அந்தப் படத்தை அப்படியே பின்பற்றினால் ஆபத்து என்று அவர் எச்சரித்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. புதிதாகக் கட்டும் அமைப்பென்றால் சிறிய அளவில் ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டு இரண்டாவதை ஒப்படையுங்கள், இடையிடையே வாடிக்கையாளரை முறைப்படி உள்ளே கொண்டுவாருங்கள் என்கிறார் ராய்ஸ். விண்கலப் பொறியாளர்களாலேயே காகிதத்தை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் முடிவு செய்ய இயலவில்லை. ஒரு ஜவுளிக் கடை உரிமையாளர் ஃபிக்மாவில் நாலு படத்தைப் பார்த்துவிட்டு முழுத் தளத்தையும் மனதில் கண்டுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படிச் சரியாகும்?

தமிழ்த் தளங்களில் இன்னொரு காரணமும் சேர்கிறது. அதைப் பற்றிப் போதிய அளவு பேச்சில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டிசைன் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் பொருளற்ற மாதிரி வாசகத்தை நிரப்பித்தான் தயாராகிறது. மெனுவில் ஹோம், அபவுட், காண்டாக்ட் என்று குட்டிச் சொற்கள் அழகாக ஒரே வரியில் நிற்கும். தமிழ் உள்ளடக்கம் கடைசி வாரத்தில் வரும். 'எங்களைப் பற்றி', 'தொடர்புகொள்ள' என்று நிரப்பியதுமே மெனு இரண்டு வரியாக உடையும். 'விண்ணப்பிக்கவும்' பட்டனுக்குள் அடங்காது. உருபும் விகுதியும் ஒட்டி நீண்ட சொற்கள் மொபைல் திரையின் ஓரத்தைத் தாண்டிப் போகும். மேலே கொக்கி போடும் 'கீ'யும் கீழே இறங்கும் 'ணு'வும் அடுத்தடுத்த வரிகளில் வந்தால், ஆங்கிலத்துக்காக வைத்த வரி இடைவெளி போதாமல் எழுத்தோடு எழுத்து உரசும். பார்க்க நெருக்கடியாக இருக்கிறது, சரிசெய்யுங்கள் என்று கிளையன்ட் கேட்பார். எழுத்தைச் சிறிதாக்கினால் படிக்க முடியவில்லை என்பார். இவையெல்லாம் அவருடைய மனமாற்றக் கணக்கில் ஏறுகின்றன. உண்மையில், உள்ளடக்கம் கைக்கு வருமுன் டிசைனை முடித்ததன் விளைவுகள் இவை. முழு உள்ளடக்கமும் வராவிட்டாலும் மெனுச் சொற்கள், தலைப்புகள், இருப்பதிலேயே நீளமான இரண்டு மூன்று பத்திகள் ஆகியவற்றை வாங்காமல் டிசைனைத் தொடங்கக் கூடாது. வரப்போகும் மாற்றங்களில் பெரும் பங்கை இந்த ஒன்றே முன்கூட்டித் தீர்த்துவிடும்.

மாற்றங்களை யாரும் கணக்கு வைக்காமல் விட்டால் எங்கே போய் முடியும் என்பதற்குச் சான்று அமெரிக்காவின் ஹெல்த்கேர்.காவ். மக்கள் மருத்துவக் காப்பீடு வாங்குவதற்காக அரசு கட்டிய அந்தத் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. லட்சக்கணக்கானோர் வந்து மோதினார்கள். முதல் நாளில் காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் ஆறு பேர் என்பது பின்னர் காங்கிரஸ் குழு வெளியிட்ட அரசுக் குறிப்புகளில் தெரியவந்தது. தோல்விக்குத் தொழில்நுட்பக் காரணங்கள் பல உண்டு. ஆனால் காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2014 ஜூலையில் தந்த அறிக்கை, நிர்வாகத்தின் பக்கமும் விளக்கு பிடிக்கிறது. தளத்தின் மையப் பகுதிக்கு 2011 செப்டம்பரில் ஒதுக்கியது 5.6 கோடி டாலர். 2014 பிப்ரவரிக்குள் அது 20.9 கோடியைத் தாண்டியது. துறைகளிடமிருந்து தகவல் திரட்டித் தரும் பகுதி 3 கோடியில் தொடங்கி ஏறத்தாழ 8.5 கோடிக்குப் போனது. தேவைகள் புதிதாகச் சேர்ந்துகொண்டும் மாறிக்கொண்டும் இருந்ததை முக்கியக் காரணங்களில் ஒன்றாக அறிக்கை சொல்கிறது. கூடுதல் வேலைக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் யாருக்கு என்பதிலேயே அங்கு தெளிவில்லை. அதிகாரம் இல்லாத ஊழியர்கள் ஏறத்தாழ 40 தடவை, 3 கோடி டாலருக்கு மேற்பட்ட வேலைகளுக்குச் சரி சொல்லியிருக்கிறார்கள். நம்மூரில் முதலாளி ஒன்றும், மகன் ஒன்றும், கடை மேனேஜர் ஒன்றுமாக வாட்ஸ்அப் குரூப்பில் சொல்வதும், மூன்றையும் நாம் செய்வதும் இதே நோய்தான்.

அந்தத் தளத்தில் கடைசிக் காலத்தில் நடந்த ஒரு மாற்றத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். கணக்குத் தொடங்காமலேயே காப்பீட்டுத் திட்டங்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது முதல் திட்டம். திறப்பு நெருங்கிய நேரத்தில், கணக்குத் தொடங்கிய பிறகே பார்க்க முடியும் என்று மாற்றினார்கள். திரையில் பார்ப்பவருக்கு ஒரு பக்கம் முன்னால் வந்தது, இன்னொன்று பின்னால் போனது, அவ்வளவுதான். ஆனால் சும்மா விலை பார்க்க வந்தவர்களின் பாரமும் சேர்ந்து பதிவுப் பகுதியின் மேல் விழுந்தது. 2013 அக்டோபர் 24 அன்று நடந்த விசாரணையில் ஒப்பந்ததாரர் தரப்பே இதை எடுத்துச் சொன்னது. திரையில் சிறியதாகத் தெரியும் மாற்றம் உள்ளே எவ்வளவு பெரியது என்பதை மாற்றம் கேட்டவரால் அறிய முடியாது. கட்டுபவருக்கே அது தெரியும். ஆகவே அதைச் சொல்லும் கடமையும் அவருடையதே.

இதே காலத்தில் பிரிட்டன் வேறு வழியில் போனது. அரசின் தளங்களை ஒன்றாக்க நினைத்தவர்கள், ஒரு சிறு குழுவிடம் வேலையைக் கொடுத்து 12 வாரத்தில் ஆல்ஃபா.காவ்.யூகே என்ற மாதிரித் தளத்தைக் கட்டி, 2011 மே மாதம் பொதுமக்கள் முன்னால் வைத்தார்கள். செலவு சுமார் 2.6 லட்சம் பவுண்டு. தூக்கிப் போட வேண்டி வந்தால் தூக்கிப் போடலாம் என்ற துணிவோடு கட்டியது அது. 2012-ன் தொடக்கத்தில் பீட்டா வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று காவ்.யூகே பழைய தளங்களின் இடத்தைப் பிடித்தது. அடுத்த ஆண்டு லண்டன் டிசைன் மியூசியம் அதைச் சிறந்த வடிவமைப்பாகத் தேர்ந்தெடுத்தது. அங்கேயும் மாற்றங்களுக்குக் குறைவில்லை. அவை மலிவாக முடியும் காலத்திலேயே அவற்றை வரவழைத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒரே அளவான வேலைகள் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். காப்பீட்டுத் தளம் பல துறைகளின் தகவல்களைக் கோத்தாக வேண்டியிருந்தது, சட்டம் விதித்த கெடுவும் இருந்தது. ஆனால் மாற்றங்களை எந்தக் கட்டத்தில் வரவழைப்பது என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுவானதுதான்.

தாமதமான மாற்றம் எத்தனை மடங்கு செலவு என்று கேட்டால், நூறு மடங்கு என்ற எண்ணைப் பலர் சொல்வார்கள். பாரி போம் என்ற ஆய்வாளரின் எழுத்திலிருந்து பரவிய எண் அது. அவரே 2001-ல் விக்டர் பாசிலியுடன் சேர்ந்து எழுதியபோது, சிறிய அமைப்புகளில் ஐந்து மடங்கு என்பதே பொருத்தம் என்று குறைத்துக்கொண்டார். அதுவும் பிழைதிருத்தத்தைப் பற்றிய கணக்கு. ஆகவே கிளையன்ட்டிடம் நூறு மடங்கு என்று பயமுறுத்துவது நேர்மையல்ல. மேலும், எல்லா மாற்றமும் ஒரே விலையில் வருவதில்லை. தோற்றத்தை உள்ளடக்கத்திலிருந்து பிரித்துவைக்கும் சிஎஸ்எஸ் யோசனையை ஹோகன் வியூம் லீ 1994-ல் முன்வைத்தார். 2017 வாக்கில் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் சிஎஸ்எஸ் மாறிகள் வந்துவிட்டன. நிறங்களையும் எழுத்துரு அளவுகளையும் ஓரிடத்தில் எழுதிவைத்தவருக்குப் பச்சையை நீலமாக்குவது ஒரு வரி வேலை. அறுபது பக்கங்களில் தனித்தனியே எழுதியவருக்கு அது இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்குக் கிளையன்ட்டிடம் காசு கேட்பது முறையில்லை. லாகின் சேர்ப்பது, ஆங்கிலத் தளத்தை இருமொழித் தளமாக்குவது, பொருள்களின் வகைப்பாட்டை மாற்றுவது போன்றவை அடித்தளத்தைத் தொடுபவை. அவற்றுக்குக் கூசாமல் கேட்க வேண்டும்.

கேட்பது எப்படி? கிளையன்ட் தரப்பில் முடிவு சொல்பவர் ஒருவர் என்று கொட்டேஷனிலேயே பெயர் எழுதி வாங்குங்கள். மற்றவர்கள் கருத்துச் சொல்லலாம், ஆனால் அவர் வழியாகவே வர வேண்டும். போனிலோ வாய்ஸ் நோட்டிலோ மாற்றம் வந்தால் அன்றைக்கே எழுத்தில் திருப்பி அனுப்புங்கள்: நீங்கள் கேட்டது இது, இதற்கு இவ்வளவு தொகை, முடியும் தேதி இத்தனை நாள் தள்ளிப்போகும், சரியென்றால் தொடங்குகிறோம். நட்புக்காகவோ நல்லெண்ணத்துக்காகவோ காசு வாங்காமல் செய்தால்கூட, தொகையை எழுதி, அதைத் தள்ளுபடி செய்ததாகக் குறிப்பிடுங்கள். இந்தப் பழக்கத்தின் பெரிய பலன் பணம் வருவது மட்டுமல்ல. விலையும் தேதியும் எதிரில் வந்ததும் கிளையன்ட் உட்கார்ந்து யோசிக்கிறார். சில மாற்றங்களை அவரே கைவிடுவார். வேண்டும் என்று சொல்பவை உண்மையிலேயே வேண்டியவையாக இருக்கும்.

இப்படிக் கேட்டால் அடுத்த தெருக்காரரிடம் போய்விடுவார்கள் என்பது முதல் ஆட்சேபம். பயம் புரிகிறது, போட்டி கடுமையானதுதான். ஆனால் வீடு கட்டும் அதே மனிதரைப் பாருங்கள். பிளானில் இல்லாத பரணையோ கூடுதல் ஜன்னலையோ கேட்டால் எக்ஸ்ட்ரா வேலை என்று தனிக்கணக்கு வரும் என்பது அவருக்குத் தெரியும், கொடுக்கவும் செய்கிறார். வலைத்தளத்துக்கு மட்டும் அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. காரணம், தளத்தில் ஆகும் உழைப்பை யாரும் அவருக்குக் கணக்காகக் காட்டியதில்லை. மாற்றத்தை வரவேற்பதுதானே அஜைல் முறை, நீங்கள் பழைய வழிக்கு இழுக்கிறீர்களே என்பது இளைஞர்களின் ஆட்சேபம். 2001-ல் யூட்டாவில் கூடிய 17 பேர் எழுதிய அந்த அறிக்கை, தாமதமாக வரும் மாற்றத்தையும் வரவேற்கச் சொல்வது உண்மைதான். அந்த முறையில் ஒவ்வொரு சுற்றுக்கும் செய்யும் வேலைக்கேற்பக் காசு வருமானால் யாருக்கும் நட்டமில்லை. மொத்தத் தொகையை முன்கூட்டியே பேசிவிட்டு மாற்றத்தை மட்டும் அஜைலாக வாங்கிக்கொண்டால், வரவேற்பின் செலவு முழுவதும் டெவலப்பரின் தூக்கத்திலிருந்து போகிறது. கிளையன்ட் தரப்பிலும் ஓர் ஆட்சேபம் உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் நியாயமானது. தங்கள் தவறையும் மாற்றம் என்று பில் போடுகிறார்களே என்பார்கள். ஒப்புக்கொண்டபடி வேலை செய்யாதது பிழை, அதைக் காசில்லாமல் சரிசெய்ய வேண்டும். ஒப்புக்கொண்டபடி இருப்பதை வேறாக்கச் சொல்வது மாற்றம். ஒப்புக்கொண்டது எது என்பது எழுத்தில் இருந்தால்தான் இந்த வேறுபாடு நிற்கும். அந்த எழுத்து கிளையன்ட்டையும் காக்கிறது.

சட்டமும் எழுதியவர் பக்கம்தான் சாய்கிறது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 70-ன்படி, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் முறையாகச் செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால், அதற்கு ஈடு தர வேண்டும். முறையான ஒப்பந்தம் இல்லாமல் அதிகாரிகள் கேட்டதற்காகக் கட்டடங்கள் கட்டிக்கொடுத்த ஒப்பந்ததாரருக்கு, மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மொண்டல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின்கீழ்தான் தொகை கிடைக்கச் செய்தது. இலவச எண்ணம் இல்லை என்பதைக் காட்ட, விலை எழுதிய அந்த ஒரு செய்தி உதவும். 2006-ம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் இன்னும் நேரடியானது. ஒப்படைத்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். ஒப்பந்தத்தில் எந்தத் தவணை எழுதியிருந்தாலும், ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டு வட்டி. குறு, சிறு நிறுவனமாகப் பதிந்துகொண்டவர்களுக்கே இந்தப் பாதுகாப்பு கிடைக்கும். அதற்கான உத்யம் பதிவை இணையத்திலேயே செய்யலாம், கட்டணம் இல்லை. வேலை முடிந்து தகராறு வந்த பிறகு பதிந்தால் அந்த வேலைக்கு அது உதவாது. இதுவரை பதியாதவர்கள் அடுத்த கொட்டேஷனை அனுப்புவதற்கு முன்பே பதிந்துகொள்ளுங்கள்.

(தொடரும்)